கொடுக்கப்பட்டது: விட்டம்

— இந்தப் பரீட்சைத் தாள்ல உன் டியூஷன் பொண்ணு ஐம்பத்தெட்டுன்னு எழுதியிருக்கா. எப்படி வந்துச்சு, சொல்லு.

— ஏங்க, விடை சரிதானே? சரியா போட்டதுக்கா பிள்ளையைத் திட்டுறீங்க? ஊர்ல இல்லாத வாத்தியாரா இருக்கீங்களே!

— சரியா இருக்கிறதுதான் எனக்கு இடிக்குது. கேள்வியைப் பாரு. வட்டத்து மேல ஏ, பி, சின்னு மூணு புள்ளி. ஏ-ல கோணம் முப்பத்திரெண்டு. பி-ல எவ்வளவு?

— இதுல என்ன இருக்கு? ஏபி விட்டம், அப்போ சி-ல தொண்ணூறு. கழிச்சா ஐம்பத்தெட்டு.

— விட்டம்னு எங்க இருக்கு? காட்டு.

— அட, ஆமா... அச்சடிச்சவன் விட்டுட்டான் போல.

— க்ளாஸ்ல மத்தவங்க எல்லாம் முழிச்சிருக்காங்க. பாதிப் பேர் கணக்கைத் தொடவே இல்ல. உன் டியூஷன்ல படிக்கிற இவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?

— படத்தைப் பார்த்து ஊகிச்சிருப்பா. கோடு நடுவுல போனா விட்டம்னு எடுத்துக்கிறது பசங்களுக்குப் பழக்கம்தானே.

— படத்துல கோடு நடுவுல போகவே இல்ல. அவ எழுதுன முதல் வரியைப் படி.

— 'கொடுக்கப்பட்டது: ஏபி விட்டம்.'

— யாரு குடுத்தா?

— ஐயோ, கைப்பழக்கம்ங்க! எந்தக் கணக்கா இருந்தாலும் முதல்ல 'கொடுக்கப்பட்டது' எழுதணும்னு நான்தானே அதுங்க உயிரை வாங்குறேன்.

— இல்லாததை எழுதவும் நீதான் சொன்னியா?

— என்ன பேச்சு இது? போலீஸ்காரர் மாதிரி குடையாதீங்க.

— நாளைக்கு இந்தத் தாளை ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட கொண்டு போறேன். கேள்வித்தாளை இவ முன்னாடியே பார்த்திருக்கான்னு தெரிஞ்சா டிசி குடுத்து அனுப்பிடுவாங்க.

— வேண்டாங்க, கெஞ்சிக் கேக்கறேன். பத்தாவது படிக்கிற பொண்ணு, படிப்பே போயிடும். அவ மேல ஒரு தப்பும் இல்ல.

— அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றே?

— அவளை எனக்குத் தெரியும், அதனால சொல்றேன். சண்டை போடணும்னா அச்சகத்துக்காரன்கிட்ட போய்ப் போடுங்க. ஒரு வார்த்தையை அவன் முழுங்கிட்டு, பழி மட்டும் பிள்ளை மேலயா?

— அவன் எதையும் முழுங்கல. போன பரீட்சையிலேயே எனக்குச் சந்தேகம். அதான் அவனுக்குக் குடுத்த தாள்ல அந்த வார்த்தையை நானே எடுத்துட்டேன். அது இருந்த ஒரே தாளை நம்ம பீரோவுல வெச்சேன். நீ எடுத்துப் பார்க்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் வெச்சேன்.