பின்னால் போட்ட டயர்

நாற்காலி வேண்டாம் சார், நின்றுகொண்டே சொல்கிறேன். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

கார் ஒரு பக்கமாக இழுப்பது சாதாரண விஷயம். காற்று குறைந்தாலும் இழுக்கும், அலைன்மென்ட் போனாலும் இழுக்கும். கள்ளக்குறிச்சியில் என் டயர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். மருமகன் பிரவீன்குமாரும் அப்படித்தான் வந்தார்.

"மாமா, ஸ்டேரிங் லெப்ட்லயே இழுத்துக்கினு போவுது. இன்னான்னு பாருங்க. நாளைக்கு ரம்யாவ இட்டுக்கினு வெள்ளிமலை போறேன்."

நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். முந்தின வாரம்தான் ஓசூரில் வேலை கிடைத்திருப்பதாகவும், ரம்யாவோடு அங்கேயே போய்விடப் போவதாகவும் சொல்லியிருந்தார். என் மனைவி அம்சவள்ளி போன பிறகு எனக்கென்று இருப்பது மகள் ஒருத்தி. அதற்காகத்தான் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்தேன். அதை அவர் யோசித்திருக்கலாம்.

சக்கரங்களைக் கழற்றினேன். இடது முன் டயர் உள்பக்கமாக உப்பியிருந்தது. உள்ளே கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டிய டயர். நான் அதைப் பின்னால் மாட்டி, பின்டயரை முன்னால் கொண்டுவந்தேன். கெட்ட டயர் முன்னால் இருந்தால் ஓட்டுகிறவர் கைக்குத் தெரிந்துவிடும். பின்னால் போய்விட்டால் வெடிக்கிறவரைக்கும் தெரியாது.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அவர் ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்தார். கார் நூல் பிடித்தாற்போல் போயிற்று.

"சூப்பர் மாமா. துளிகூட இழுக்கல."

மறுநாள் அவர்கள் கிளம்பியதிலிருந்து கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் ரம்யா போன் செய்தாள்.

"அப்பா, மேல செம குளுருப்பா. காலைல எறங்குறோம். நீ சாப்ட்டியா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. "வரும்போது பெல்ட் போட்டுக்கம்மா," என்றேன். தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தேன். டயரைப் பற்றிச் சொல்லவில்லை.

இறக்கத்தில் ஒரு வளைவில் வெடித்தது. வண்டி சுழன்று பள்ளத்தில் போய்விட்டது. மாப்பிள்ளை அங்கேயே முடிந்துவிட்டார். ரம்யாவைப் பெல்ட் காப்பாற்றியது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை, அவ்வளவுதான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்தது ரம்யாவே என்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் பெல்ட் போடு என்று நான் சொன்னதே கிடையாதாம், அதனால் சந்தேகமாம். யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். தலை வாரிவிடுவதும் சோறு ஊட்டுவதும் நான்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். புருஷன் போன துக்கம், போகப்போகச் சரியாகிவிடும்.

சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புங்கள் சார். மாத்திரை கொடுக்கிற நேரமாகிவிட்டது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?