தலை நிமிராத புதன்கிழமை

உங்கள் சட்டைத் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டிருக்க வேண்டும், சார். காக்கி முதல் துவைப்பில் சுருங்கும். அதனால்தான் தோள்பட்டை உங்களைப் பிடித்து இழுக்கிறது. உங்கள் தையல்காரர் அவசரக்காரர். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடமாகத் துணியோடு கிடப்பவளுக்கு ஆளுக்கு முன்னால் சட்டைதான் கண்ணில் படும்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். போன டிசம்பரில் ஹம்சா அடையாறு முகத்துவாரத்தில் முழுகிச் செத்தது விபத்து என்று நீங்கள் ஃபைலை மூடிவிட்டீர்கள். மூடினது மூடினதாகவே இருக்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன், நேற்றுக் காலைப் பேப்பரைப் பார்க்கும்வரை. அதற்குப் பிறகு வருகிறேன். வரிசையாகச் சொன்னால் உங்கள் ரைட்டருக்கும் எழுதச் சுலபம்.

பெயர் சுந்தரவல்லி. எங்கள் பூர்விகம் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. கடையில் அண்ணன்கள் உட்கார்ந்தார்கள். எனக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியைப் பிடித்துக் கொடுத்து, "படம் வரைஞ்சுக்கிட்டு ஒரு ஓரமா இரு" என்றார் அப்பா. அந்த மாடிதான் என் ஸ்டூடியோ. தையல்காரர்கள் கீழே. மேலே நாங்கள் நாலு பேர்: நான், துணி வெட்டும் மாஸ்டர் கருணாகரன், எம்பிராய்டரி பார்க்கும் சரண்யா, டிசைன் வரையும் ஹம்சா. எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். என்னைவிட மூத்தவரான கருணாகரன் உட்பட. மேடம் என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. ஒரு குடும்பம் மாதிரி நடத்தினேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமை மிஷின் ஓடாது. நாலு பேரும் வெளியே கிளம்பிவிடுவோம். டிசைன் என்பது மேஜையில் உட்கார்ந்து வருவதில்லை, சார். மயிலாப்பூர்க் குளத்துப் படிக்கட்டின் நிழலைப் பார்த்து ஒரு கரை போட்டோம். கோலத்து நடுவே வைக்கும் பூசணிப்பூவைப் பார்த்து ஒரு பொத்தான். மியூசியத்து வெண்கலச் சிலைகளின் இடுப்புத் துணியிலிருந்து பதினாறு மடிப்பு வகை எடுத்தோம். டிசம்பரில் சபாக்களுக்குப் போவோம். மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மாமிகள் கட்டிவரும் பட்டைத்தான் வரைவோம். ஹம்சாவின் அப்பா பாட்டு வாத்தியார். அவளுக்கு மட்டும் அதில் வெட்கமாக இருக்கும். திரும்பித் திரும்பிப் பாடகரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவாள். எனக்குச் சிரிப்பு வரும்.

வரைவதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். நான் "பார்" என்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். "வரை" என்றால் குனிந்துவிட வேண்டும். மறுபடி நான் "பார்" சொல்லும்வரை தலை நிமிரக் கூடாது. கண்டதை மனதில் வைத்து வரைந்தால்தான் கோடு திடமாக வரும். யாராவது ஒருவர் புதுத் துணியைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நிற்பவர்கள் நான் "போதும்" சொல்லாமல் அசையக் கூடாது. நிமிர்ந்தவர்களுக்கு அடுத்த புதன்கிழமை கிடையாது, ஸ்டூடியோவில் உட்கார்ந்து கொக்கி தைக்க வேண்டியதுதான். ஒரு தடவை சரண்யாவின் காலில் தேள் ஏறியது. அவள் நிமிரவில்லை. கருணாகரனும் நிமிரவில்லை. அந்த அளவுக்குப் பழக்கியிருந்தேன்.

ஹம்சா என்னிடம் வந்தது தொண்ணூற்று இரண்டில். பத்தொன்பது வயது. நான் இருபது தடவை பார்த்தும் பிடிபடாத ஒரு மடிப்பை அவள் ஒரே தடவையில் பிடித்துவிடுவாள். எனக்கு அதில் பொறாமை இருந்ததில்லை. பெருமைதான். அவள் வரைந்த நோட்டுகள் பதினொன்று. எல்லாம் என் பீரோவில் இருந்தன. அதில் இருந்ததை என் பெயரில் தைத்து விற்றோம். ஸ்டூடியோ என்றால் அப்படித்தான். சமையல்காரர் கை ருசியாக இருந்தாலும் ஹோட்டலுக்கு முதலாளி பெயரைத்தானே வைப்பார்கள்.

போன வருடம் தீபாவளி வேலை முடிந்த மறுநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பம்பாய்ல ஒரு கம்பெனில கூப்பிட்டிருக்கா. தை பொறந்ததும் போகலாம்னு இருக்கேன். ஆத்துலயும் சரின்னுட்டா."

சந்தோஷம் என்றேன். காப்பி வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி நோட்டுகளைக் கேட்டாள். அவை ஸ்டூடியோவுக்குச் சொந்தம் என்று சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் இரண்டு நோட்டாவது கொடுத்திருப்பேன். அவள் சிரித்தாள்.

"பரவால்லக்கா, நீங்களே வெச்சுக்கோங்கோ. நேக்கு எல்லாம் மனசுலயே இருக்கு."

குத்தலாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் குத்திப் பேசத் தெரியாது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டலாம். மனசில் இருப்பதை என்ன செய்வது? அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் எழுந்தபோது, அவள் பம்பாய்க்குப் போகப்போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை நொச்சிக்குப்பம் போனோம். படகுகளின் சாயத்தை வரைய மற்ற மூவரையும் உட்கார்த்திவிட்டு, நான் மீன் விற்கும் தேவானையிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்தில் அவள் புருஷன் வலை பின்னிக்கொண்டிருந்தான். வலையின் அடிக்கயிற்றில் வரிசையாக ஈயக் குண்டு கோத்திருந்தது. அதன் கனத்தில்தான் வலை தண்ணீரில் மடங்காமல் நேராக இறங்குமாம். சேலையின் கொசுவமும் அப்படி நேராக இறங்கினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. கடற்காற்றில்கூடப் பறக்காது. அது நல்ல யோசனை, சார். இன்றைக்கும் நல்ல யோசனைதான். ஒரு பை நிறையக் குண்டு வாங்கிக்கொண்டேன்.

முகத்துவாரத்தில் உட்கார்ந்து வரைய முடியுமா என்றும் தேவானையிடம் கேட்டேன்.

"அங்க மட்டும் போவாதம்மா" என்றாள். "இப்பதான் மழ வுட்டுக்கீது. ஆத்துத் தண்ணி அடி மண்ண அறுத்துகினே இருக்கும். மேல பாத்தா தர மாரி கீது, கால வெச்சா பொதபொதன்னு உள்ள இட்டுகினு பூடும். எங்காளுங்களே அந்தப் பக்கம் போவ மாட்டாங்க."

நன்றி சொல்லிவிட்டு அவளிடம் அரைக் கிலோ சங்கரா வாங்கினேன். மற்ற மூவரும் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் எதுவும் விழவில்லை.

கடல் பச்சையில் ஒரு பட்டுப்பருத்திச் சேலை. கொசுவத்தை முழங்காலுக்குக் கீழே வரை சேர்த்துத் தைத்துவிட்டால் மடிப்பு கலையாது. நடக்கக் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். அடி மடிப்புக்குள் ஈயக் குண்டு. அந்த வேலையை ஹம்சாவிடமே கொடுத்தேன். அவள் தையல் விடாது. முதலில் முப்பது குண்டு வைத்தாள். போதாது என்றேன். அறுபது வைத்தாள். "கனக்கறதே அக்கா" என்றாள். பாரம் இருந்தால்தான் அழகு என்றேன். கட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, மடிப்பு விழும் அழகில் அவளே கை தட்டினாள். இது என் கடைசிப் புதன்கிழமை அக்கா, நானே நிற்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. இதை ரைட்டர் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

காலை ஏழு மணி. உடைந்த பாலத்துக்குக் கிழக்கே, ஆறும் கடலும் சேரும் இடத்தில், ஒரு மணல் திட்டு. அவளை அதன் விளிம்பில், கணுக்கால் தண்ணீரில் நிற்கச் சொன்னேன். கருணாகரன், "அக்கா, தண்ணி வேகமா போவுது போல கீதே" என்றார். கணுக்கால் அளவுதானே மாஸ்டர் என்றேன். அவர்கள் இருவரையும் நல்ல தூரம் தள்ளி, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால்தான் அவள் தெரிவாள். நான் அவளுக்குப் பக்கத்தில், கெட்டியான கரையில் உட்கார்ந்தேன்.

மூன்று தடவை "பார்" சொன்னேன். மூன்று தடவை "வரை" சொன்னேன். பிறகு சொல்லவில்லை.

மணல் சத்தமில்லாமல் போயிற்று. அவள் முழங்கால் வரை இறங்கினாள். நான் "போதும்" சொல்லாததால் அப்போதும் அசையவில்லை. என்னைத்தான் பார்த்தாள். இடுப்பு வரை இறங்கியபோது காலை எடுக்கப் பார்த்தாள். தைத்த கொசுவத்தில் கால் அகலாது. நான் கையிலிருந்த பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். இதுவும் உண்மை, சார், நான் அவளைத் தொடவேயில்லை.

நடுவில் சரண்யாவின் பென்சில் நின்றது.

"அக்கா, ஏதோ சத்தம் கேக்குது."

"பறவை. தலையத் தூக்காதே."

அவள் தூக்கவில்லை. நல்ல பெண். இப்போது மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறாளாம். அவளை இதில் இழுக்காதீர்கள்.

நான் மறுபடி "பார்" சொன்னபோது அங்கே தண்ணீர்தான் இருந்தது. கருணாகரன் சட்டையோடு குதித்தார். அவரை நாலு மீனவர்கள் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். பலகைகள் நனையாமல் நான் எடுத்து வைத்தேன். மறுநாள் மாலை அவள் பட்டினப்பாக்கத்தில் ஒதுங்கினாள். சேலையில் ஒரு தையல்கூட விடவில்லை. ஈயக் குண்டு எதற்கு என்று நீங்களே கேட்டீர்கள். மடிப்பு விழுவதற்கு என்றேன். அது பொய்யில்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் எங்கள் ஷோ நடந்தது. பதினொரு நோட்டிலிருந்தும் எடுத்த டிசைன்கள், நாற்பது உடுப்பு. வாசலில் சட்டம் போட்டு ஒரே ஒரு படம் மாட்டியிருந்தேன். அன்று ஆற்றங்கரையில் நான் வரைந்தது. அதை மாட்டியிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. ஆனால் முப்பது வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கோடு விழுந்ததில்லை. கை தானாகப் போயிற்று. யாரிடமும் காட்டாமல் எப்படி வைத்திருக்க முடியும்?

ஹம்சாவின் அப்பா விஜயராகவன் சாரையும் அழைத்திருந்தேன். மரியாதைக்குத்தான். அவர் உள்ளே வரவில்லை. அந்தப் படத்துக்கு முன்னாலேயே முக்கால் மணி நேரம் நின்றார்.

"குழந்தை ஏதோ சொல்லிண்டிருக்காளே" என்றார் என்னிடம். "என்னம்மா சொல்றா?"

ஒன்றுமில்லை சார், காற்றுக்கு வாய் திறந்திருக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்டோ பிடித்து அனுப்பி வைத்தேன்.

நேற்றுப் பேப்பரில் ஷோவைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. நாற்பது உடுப்பும் என் கற்பனை என்று புகழ்ந்திருந்தார்கள். கீழே ஒரு பத்தி: வாசலில் இருந்த படம், மறைந்த ஹம்சா தன்னைத்தானே வரைந்த கடைசிப் படமாம். அதிலிருக்கும் உயிர் மற்ற எதிலும் இல்லையாம். உதவியாளரின் படத்துக்கு வாசலில் இடம் கொடுத்த எனக்குப் பெரிய மனசாம்.

எனக்கு வயிறு எரிந்தது, சார். மறைக்க என்ன இருக்கிறது. பேப்பருக்குப் போன் செய்து, அது நான் வரைந்தது என்றேன். எழுதிய பெண் நம்பவில்லை. "உங்க பேர்ல இருக்கற மத்த டிசைன் எதுலயும் இந்தக் கை தெரியலையே மேடம்" என்றாள். நாற்பதையும் எனக்குக் கொடுத்துவிட்டு, என்னுடைய ஒன்றைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் வந்தேன். எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த முகம் அப்படித் தெரியும் என்று அளந்து காட்டுகிறேன். தன் வாயைத் தானே பார்த்து யாரும் அப்படி வரைய முடியாது. அவள் என்னை மூன்று தடவை அக்கா என்று கூப்பிட்டாள். முதல் இரண்டு தடவையும் தலைமுடி வந்து முகத்தை மறைத்துவிட்டது. மூன்றாவது தடவைதான் வாய் சரியாக அமைந்தது, அதற்காகத்தான் காத்திருந்தேன். கீழே கையெழுத்து எங்கே போட வேண்டும்?