இரண்டாவது முடிவு

சைகோனிலிருந்து அதன் புறநகரான தூ டுக் போகும் மெட்ரோவில், மடியில் பாட்டு ஓடும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் தமிழில் சொன்னாள்: “இந்தப் பாட்டு இனிமே நிக்கவே நிக்காதுடி.”

“என்னடி பண்ணே?”

“கொயர் மாஸ்டர் சொன்னதைத்தான் பண்ணேன். திரும்பப் பாடி நிறுத்துறதுக்குன்னு இருக்குற ரெண்டாவது முடிவை பாட்டோட ஸ்வரக் குறிப்புலேர்ந்து எடுத்துட்டேன். அதுல வர்ற கடைசி வரியைப் பொம்பளைங்க நாங்க மட்டும் பாடினா எடுப்பா இல்லையாம்.”

“அதான் முதல் முடிவு இருக்கே?”

“அது திரும்ப ஆரம்பத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். அதுல நிறுத்தினா அந்தரத்துல தொங்கும். கேளு.”

லேப்டாப்பில் பாட்டு மூன்றாம் முறையாக முதல் வரிக்குத் திரும்பியது. பெட்டியில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை.

“பிராக்டிஸ்ல சுத்திச் சுத்திப் பாடட்டும். எப்படி முடிக்கிறதுன்னு அவர் வாயாலயே கேக்கணும். அப்ப அந்தக் கடைசி வரியை நாங்க பாடுறோம்.”