மூன்றாம் பதிவு

குளிர்காலத்தில் பாடுகிறவரின் தொண்டை சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் அண்ணன் வக்தாங்கை எரிவாயுக் கணப்பு இருந்த அறையில் பாடவைத்தேன். எனக்கு அடுக்களை போதும். கதவடியில் மைக் கம்பியை இழுத்து, இடுக்கைத் துணியால் அடைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

என் பிழைப்பு திபிலிசி சந்தையில் கார்களின் பக்கக் கண்ணாடிகளை விற்பது. எங்கிருந்து கழற்றியவை என்பது வேறு வழக்கு, நீதிபதி ஐயா. ஐம்பத்தாறு வயதில் ஒரே ஒரு பாட்டையாவது பதிவுசெய்துவிட ஆசைப்பட்டேன். எங்கள் நாட்டுப் பாட்டுக்கு ஒரே நேரத்தில் மூன்று குரல் சேர வேண்டும். மேலிரண்டையும் நானே பாடி வைத்திருந்தேன். அடிக்குரல் அண்ணனிடம்தான் இருந்தது.

"திருட்டுக் கண்ணாடி விக்கிறவனுக்குப் பாட்டு என்னடா பாட்டு?" என்று சிரித்தார். ஆனாலும் வந்தார்.

கணப்பு வேலைசெய்யும் விதம் எளிது. தீ காற்றைக் குடிக்கும். புகை சுவர்க் குழாய் வழியே வெளியேறும். அன்று வெளியே காற்று பலம். குழாய் ஊளையிட்டது, ஊளை மைக்கில் விழுந்தது. முற்றத்துக்குப் போய், கார் இருக்கைப் பஞ்சை உருட்டிக் குழாயின் வாயில் திணித்தேன். போக வழியில்லாத புகை அறைக்கே திரும்பும். அதிலுள்ள விஷத்துக்கு மணமில்லை. கண்ணாடிக்கு முன்பு இதே கணப்புகளை நான்கு வருடம் விற்றவன் நான்.

முதல் பதிவு வேகமாகப் போய்விட்டது. அண்ணன் எதிலும் அவசரக்காரர். இரண்டாவதில் தணிந்தார்.

"தலை பாரமா இருக்குடா ஜெமால். ஜன்னலைத் திற."

"தெருச் சத்தம் வந்துரும்ணே. இன்னும் ஒரே தடவை."

"படுத்துறியேடா. கையெல்லாம் ஓஞ்சு கிடக்கு."

"உக்காந்தே பாடுங்கண்ணே."

அந்தத் தளர்ச்சி எதனால் என்று எனக்குத் தெரியும். பத்து எட்டு வைத்தால் ஜன்னல். ஆனால் திறந்தால் குரல் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். நான் இத்தனை வருடம் தேடிய நிதானம் அப்போதுதான் அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை, மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல் பாடினார். என் இரண்டு குரல்களும் அதன் மேல் சாய்ந்து நின்றன. நான் அழுதேன். பாட்டு முடிந்த பிறகும் கதவைத் திறக்காமல், பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று முழுவதும் இரண்டு தடவை கேட்டேன்.

கடைசிச் சொல்லுக்குப் பின் அண்ணனின் ஒரு நீண்ட மூச்சு இருக்கிறது, அதற்குப் பிறகு மூச்சே இல்லை. வெட்டினால் பாட்டு இன்னும் நேர்த்தியாக முடியும். நான் வெட்டவில்லை ஐயா. அண்ணன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.