அவகாசம் உண்டு

காலையில் சங்கத்துக்கு வந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன். எங்களுடையது சிறிய கூட்டுறவுக் கடன் சங்கம். பதிவாளர் அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் வரும் சுற்றறிக்கைகளை நான்தான் பார்ப்பேன். எது புதிது, எது எதை ரத்து செய்கிறது என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கும். செயலாளர் வேலப்பன் சார் அறையிலிருந்தபடியே கேட்பார்: “கோமதீ, புதுசா வல்லதும் வந்தோ?” ஏதாவது வந்ததா இல்லையா என்று நான் சொல்வதுதான் அங்கே சட்டம்.

சங்கம் நொடித்துப்போய், டெபாசிட் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தி வைத்திருந்தோம். அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. அவசர சிகிச்சைக்கென்று உறுப்பினர் கேட்டால் அவருடைய பணத்தை உடனே கொடுத்துவிட வேண்டும் என்றது.

“ஒண்ணுமில்லை சார்” என்றேன்.

ஒருவருக்குக் கொடுத்தால் தெருவே திரண்டு வரும். சங்கத்தைப் பூட்ட வேண்டியதுதான். கவுன்டரில் இருக்கும் வினீத்துக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல பையன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல முடியும்?

எங்களிடம் டெபாசிட் போட்டிருந்த பாகீரதி மாமி வலியசாலையிலிருந்து நடந்தே வருவார். கணவர் ஸ்ரீகண்டன் அங்கே கோயில் மடப்பள்ளியில் சமையல். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சில வருஷம்தான். பிள்ளை குட்டி கிடையாது. நான் மாமியை மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்துச் சாயா வாங்கிக் கொடுப்பேன். இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள்?

“அவருக்கு இதயத்துல அடைப்பு. சட்டுனு ஆபரேஷன் பண்ணணும்கறார் டாக்டர். வைத்தியத்துக்குன்னா பணம் தருவேளாமே? ஆஸ்பத்திரியிலே பேசிக்கறா.”

சுற்றறிக்கையை எடுத்து மாமியிடமே காட்டினேன்.

“இது அவர் பிழியற முறுக்காட்டம்னா இருக்கு! நீங்களே வாசியுங்கோ.”

விரல் வைத்து வாசித்தேன்: “அவகாசம் உண்டு.”

மலையாளத்தில் அதற்கு உரிமை உண்டு என்று பொருள். மாமி காதில் விழுந்தது தமிழ். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

“அப்போ டயம் இருக்குங்கறேள்?”

“பதறாதீங்க மாமி. முறை வரும்போது நானே கூப்பிடுறேன்.”

அதன்பிறகும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதையே வாசித்துக் காட்டினேன். சலித்துக்கொண்டதே இல்லை. வேறு எங்கும் கடன் கேட்டு அலைய வேண்டாம், வீண் வட்டி என்றும் சொன்னேன். அக்கறையில்தான்.

ஸ்ரீகண்டன் மடப்பள்ளியிலேயே விழுந்து இறந்தார்.

காரியமெல்லாம் முடிந்து மாமி வந்தார். “இந்த ஊர்ல என்கிட்ட நின்னு பொறுமையாப் பேசினது நீங்க ஒருத்தர்தான்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

வேறு சிலருக்கும் அப்படித்தான் வாசித்தேன். அவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விசாரிக்கவில்லை.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள், மொழிக் குழப்பத்தால் நேர்ந்த தவறு என்று எழுதிக்கொள்ளலாமா என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துதான் வாசித்தேன். உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள், சார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.