முந்நூறு குழாய்களைப் பிரித்த காரணம்

24-9-1967 ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சப்-இன்ஸ்பெக்டர் முன்பாக குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் கருத்தப்பாண்டி. வயது 41. தகப்பனார் இருளாண்டி, காலமாகிவிட்டார். இருப்பது இராமநாதபுரம் ஜில்லா ஆமத்தூர் கீழத்தெரு. மனைவி பெயர் முத்துப்பேச்சி. பிள்ளைகள் இரண்டு. சிவகாசி ரோட்டில் ரத்தினசாமி முதலாளியின் வெடிக் கம்பெனியில் பதினாறு வருஷமாகப் பேப்பர் வெட்டும் மிஷினில் வேலை பார்க்கிறேன். இதற்கு முன் என் மேல் எந்தக் கேசும் கிடையாது.

இன்று கம்பெனிக்கு லீவு. காலை பதினோரு மணிக்குக் குழாய் ஷெட்டின் கூரை ஓட்டைப் பிரித்து நான் உள்ளே இறங்கினதும், வெடிக்காகச் சுருட்டி வைத்திருந்த காலிக் காகிதக் குழாய்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப்போட்டதும் உண்மை. முந்நூறு குழாய் என்று முதலாளி சொல்வது சரியாக இருக்கும், நான் எண்ணவில்லை. வேறு கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்டு தீபாவளி ஆர்டரைக் கெடுத்தேன் என்பது பொய். காரணம் வேறு. அதைச் சொல்லாமல் ஜெயிலுக்கே போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சென்ற தை மாதம் என் ஆண்குறியின் முனையில் மரு மாதிரி ஒன்று வந்தது. சூட்டுக்கட்டி என்று விளக்கெண்ணெய் போட்டேன். சித்திரையில் அது புண்ணாகி, வேட்டியில் கறை பட ஆரம்பித்தது. அதன் பிறகு வேட்டியைக் கம்பெனிக் கிணற்றில் நானே துவைத்துக் காயவைத்து உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். புழுக்கம் என்று சொல்லி வாசலில் படுத்தேன். என் மனைவி ஒரு நாள் சோறு வைத்துவிட்டு, “யாரு அவ?” என்று கேட்டாள். வேறொருத்தி இருப்பதாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது எனக்கு லேசாக இருந்தது.

அதன் பிறகு ஆவணியில் மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்றார். “அறுத்து எடுத்துரணும். தள்ளிப்போட்டா தொடையிடுக்குக்கு ஏறிரும், அப்புறம் உசுருக்கே ஆபத்து” என்றார். எம்புட்டு அறுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் பென்சிலால் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். நான் தினமும் காகிதம் வெட்டுகிறவன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இந்த மாதம் 12ந் தேதி, லோடில் வந்த பழைய பேப்பர் கட்டை மிஷினில் கொடுத்து இரண்டாக வெட்டினேன். வெட்டி அடுக்கும்போது மேல் துண்டில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஆண்களின் மர்ம உறுப்பில் வரும் புற்றுநோய்க்கு, அறுக்காமல் ஊசி மருந்து கொடுத்துச் சென்னையில் டாக்டர்கள் பரீட்சை செய்து பார்க்கிறார்கள், இதுவரை அறுவை செய்துகொள்ளாத இருபது பேரைச் சேர்க்கிறார்கள் என்று இருந்தது. ‘சேர விரும்புவோர்’ என்பதோடு தாள் முடிந்துவிட்டது. வெட்டினது நான்தான். மறு பாதிக் கட்டு அதற்குள் வண்டியில் ஏறி, வீடுகளில் குழாய் சுருட்டும் பெண்களுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் மதுரை டாக்டரிடம் போனேன். அவர் படித்துப் பார்த்து, “பலிக்குமா பலிக்காதான்னு அவங்களுக்கே தெரியாது, அதுக்குத்தான் பரீட்சை. போறதுன்னா சீக்கிரம் போ. ஆனா எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதின்னு இல்லாம நான் யாருக்கு லெட்டர் எழுத?” என்றார். துண்டில் பேப்பரின் பெயர்கூட இல்லை.

நேற்று சனிக்கிழமை குழாய்கள் சுருட்டி வந்து ஷெட்டில் இறங்கின. நாளை வெடிமருந்து செலுத்த எடுத்துவிடுவார்கள். முதலாளியிடம் கேட்டால் எதற்கு என்று கேட்பார். என் துண்டின் பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரத்தில் ஒரு பெண்ணின் பாதி முகம் இருந்தது. மற்ற பாதி முகம் எந்தக் குழாயில் இருக்கிறது என்று இன்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பசை விடவில்லை. அவசரப்பட்டால் எழுத்தோடு கிழிந்துவிடும் என்று பயந்து பயந்து உரித்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அந்த முகம் கிடைத்தது. திருப்பிப் படிப்பதற்குள் வாட்ச்மேன் பெத்தணன் கதவைத் திறந்து, “ஏலே, எவன்லே ஒன்ன அனுப்புனான்?” என்று என் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

என் கையிலிருந்து கைப்பற்றின ஈரத் துண்டை ஏட்டய்யா இந்த மேஜையில் காயவைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். ஆஸ்பத்திரி விலாசம் இருக்கிறது. இந்த மாதம் 30ந் தேதிக்குள் நேரில் வர வேண்டும், மணமானவர்கள் மனைவியை அழைத்து வர வேண்டும், அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் சேர்க்க மாட்டார்கள் என்றும் இருக்கிறது.

என் மனைவி இப்போது நிலையத்தின் வாசலில் நிற்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்பது மாதம் வரவில்லை, இன்றும் வராது. ஆகையால் நான் சொல்லி எழுதின இதை ஏட்டய்யா அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது என்னை லாக்கப்பில் வைத்துவிட வேண்டும். கேட்டுவிட்டு அவள் வர மாட்டேன் என்று சொன்னால், அதையும் எனக்குச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

இதில் கண்டது எல்லாம் நானாகச் சொன்னது, யாரும் மிரட்டவில்லை, படித்துக்காட்டக் கேட்டேன், உண்மை.

(ஒப்பம்) இ. கருத்தப்பாண்டி

குறிப்பு: மேற்படி வாக்குமூலம் எதிரியின் மனைவி முத்துப்பேச்சி, வயது 35, என்பவளுக்கு எதிரி கேட்டுக்கொண்டபடி வாசித்துக் காட்டப்பட்டது. பாதியில் நிறுத்தச் சொல்லி, பிறகு மீதியையும் வாசிக்கச் சொன்னாள். முடிந்ததும் மேஜையிலிருந்த மைப்பெட்டியை அவளே இழுத்து, எதிரியின் கையெழுத்துக்குக் கீழே இடது பெருவிரலைப் பதித்துவிட்டாள். இது போலீஸ் காகிதம், ஆஸ்பத்திரிக் காகிதம் அல்ல, இதில் உன் ரேகை தேவையில்லை என்று சொன்னதற்கு, “இருக்கட்டுங்கய்யா. இங்கனயும் வைக்கேன், அங்கனயும் வந்து வைக்கேன்” என்றாள்.