ஒரே மேசை, ஒரே உயரம்

ஒரு நிமிடம் பொறுங்கள். இந்த மைக் என் மார்போடு பேசிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்கிறேன். ஆ, இப்போது சரி.

கனிவாலும் கண்டிப்பாலும் இந்தக் கல்லூரியைக் கட்டிக்காக்கும் அவைத் தலைவர், முதல்வர் அம்மையார் அவர்களே! நான் உளறினால் உடனே இருமிக் காட்டவென்றே முன்வரிசையில் முனைப்போடு அமர்ந்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே! பிள்ளையை மருத்துவராக்கிவிட்டு, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரும் நாளை விருந்தாளி வரும் நாளாக எண்ணிக் காத்திருக்கும் தாய்மார்களே! கையில் கத்தரியும் கண்ணில் கண்டிப்பும் கொண்ட செவிலியச் சகோதரிகளே! அடுத்த மூன்றாண்டுத் தூக்கம் தொலையப்போவது தெரியாமல் புதுச் சட்டையில் புன்னகை பூத்திருக்கும் புதிய பயிற்சி மருத்துவர்களே! அறுவைப் பிரிவின் தலைவன் என்ற முறையில் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். குனிந்து வணங்கத்தான் ஆசை. ஆனால் இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறேன். ஏன் கட்டியிருக்கிறேன் என்பதுதான் இன்றைய உரை!

சென்ற ஆண்டு இதே மேடையில், இதே வரவேற்பு விழாவில் நான் என்ன முழங்கினேன்? "எங்கள் அறுவை அரங்கில் ஆணென்று அறியோம், பெண்ணென்று அறியோம்! எல்லோருக்கும் ஒரே தரை! ஒரே மேசை! ஒரே உயரம்!" என்று முழங்கினேன். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். கைதட்டினீர்களே, அந்த ஒரே உயரம் யாருடைய உயரம் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். அது என் உயரம். ஆறடி இரண்டு அங்குலம்!

பயிற்சிக்கு ஆள் எடுக்கும் எங்கள் தேர்வுக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு பேர். ஆறு பேரும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே மீசை! முகமூடி கட்டிவிட்டால் எங்களில் யார் யாரென்று எங்களுக்கே தெரியாது. ஒரு பையன் நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்தால், "நம்மளை மாதிரியே இருக்கானே, நல்லாத்தான் வருவான்" என்போம். கண்ணாடியைப் பார்த்து ஆள் எடுத்துவிட்டு அதற்குத் தகுதி என்று பெயர் வைத்த தைரியசாலிகள் நாங்கள்!

அப்படியும் சென்ற ஆண்டு ஒரு பெண் தப்பி உள்ளே வந்துவிட்டார். மதிப்பெண் அப்படி, மறுக்க முடியவில்லை. நான் முழங்கிய அன்று அவரும் இந்த அரங்கில்தான் இருந்தாராம். நான் பார்க்கவில்லை, முன்னால் இருந்தவருடைய தலை மறைத்துவிட்டது. நாலடி பத்து அங்குலம். 'கடுகு' என்று பெயர் வைத்தேன், கேலியாகத்தான் வைத்தேன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று தெரிந்தவன் அந்தப் பெயரைக் கேலிக்கு வைப்பானா? வைத்தேனே!

முதல் வாரமே வந்து கேட்டார்.

"சார், மேசை எட்டல. ஏறி நிக்க ஒரு ஸ்டூல் கிடைக்குமா?"

"ஸ்டூலா? உனக்கு ஒரு ஸ்டூல் குடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையாம்மா? எல்லாருக்கும் ஒரே சட்டம்!"

இவ்வளவு நியாயம் பேசினேனே, எங்கள் பிரிவில் இருந்த ஒரே ஒரு ஸ்டூல் எங்கே இருந்தது தெரியுமா? என் அறையில்! அதன் மேல் யார் அமர்ந்திருந்தார் தெரியுமா? என் சாப்பாட்டு கேரியர்! சிரியுங்கள், சிரியுங்கள். அம்மா, அந்தக் கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறீர்களே, அந்தக் கேரியரைக் கட்டிக் கொடுத்த என் மனைவி உங்களுக்கு முன்னால்தான் இருக்கிறார்.

பத்து மாதம் பறந்தது. அறிக்கை எழுதும் நாள் வந்தது. எழுதினேன்: "அறுவையின்போது உடல் நடுங்குகிறது. பயிற்சியிலிருந்து நீக்கலாம்." கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுநாள் காலை முதல்வர் அம்மையாரிடம் அது போக வேண்டும். போனால் அந்தப் பெண் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்று மதியம் ஓர் அவசர அறுவை. குடல் அடைப்பு. நோயாளியை ஏற்றுவதற்காக மேசையைத் தாழ்த்தினார்கள். தாழ்ந்த மேசை எழவில்லை!

"சார், மேசை இறங்கிருச்சு, ஏற மாட்டேங்குது" என்றார் அரங்கச் செவிலியர். வேறு மேசை காலியில்லை. நோயாளி காத்திருக்க முடியுமா? முடியாது. "நான் குனிய மாட்டேனா என்ன?" என்று வீரம் பேசிக் குனிந்தேன். கால் மணி, அரை மணி, முக்கால் மணி. ஒரு சத்தம் கேட்டது.

"சார், என்ன சத்தம்? மேசையா?"

"இல்ல சிஸ்டர். நான்தான்."

நிமிர முடியவில்லை! எதிரே உதவிக்கு நின்ற கடுகிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு ஓர் ஓரமாக ஒதுங்கினேன், ஒதுங்கியும் வளைந்தே நின்றேன். தலை தாழ்ந்திருந்ததால் பத்து மாதத்தில் முதன்முறையாக அவருடைய கால்களைப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன. கைகளைப் பார்த்தேன். நடுக்கமா? நடுக்கமே இல்லை! இரண்டு மணி நேரம், ஒரு தையல் பிசகவில்லை. நோயாளி நலமாக வீடு திரும்பினார்.

நான்தான் நலமாகத் திரும்பவில்லை. வளைந்த முதுகோடு நடைக்கூடம் முழுக்க நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் நான் வணங்குவதாக நினைத்துவிட்டார்கள்! துப்புரவு அம்மா பதறிப்போய், "போதும் சார், எந்திரிங்க, நான் என்ன பெரிய ஆளா" என்றார். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், "நல்லா இருப்பா" என்று தலையில் கைவைத்து ஆசியே வழங்கிவிட்டார்.

செவிலியரிடம் மெல்லக் கேட்டேன், "இன்னைக்கு மட்டும் அந்தப் பொண்ணு நடுங்கலையே, ஏன்?"

"பத்து மாசம் நுனிக்கால்ல நின்னா யாருக்குத்தான் நடுங்காது? நீங்க நின்னு பாருங்க சார்!"

அன்றிரவு முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததும் வீட்டில் நுனிக்காலில் நின்று பார்த்தேன். எத்தனை நிமிடம்? நான்கே நிமிடம். பிறகு நானும் நடுங்கினேன், பிடித்துக்கொண்ட அலமாரியும் நடுங்கியது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "கீழ விழுந்த பேனாவக்கூடக் குனிஞ்சு எடுக்காத மனுஷனுக்கு இப்பத்தான் புத்தி வருது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து மாதம் ஒரு பெண்ணை நுனிக்காலில் நிற்கவைத்துவிட்டு, அவளுக்கு நிற்கத் தெரியவில்லை என்று எழுதிய கை இந்தக் கை!

அறிக்கையைக் கிழித்தேன். கேரியரைத் தரையில் இறக்கினேன். ஸ்டூலை நானே தூக்கிக்கொண்டு போய் அறுவை அரங்கில் வைத்தேன்.

அன்பர்களே, எல்லோருக்கும் ஒரே அளவுக் கையுறை கொடுத்துவிட்டு, கழன்று விழுந்தால் கையைக் குறை சொல்வதா சமத்துவம்? அவரவர் கைக்கு ஏற்ற உறை! அவரவர் காலுக்கு ஏற்ற உயரம்! அதன் பிறகு சொல்லுங்கள், யார் திறமைசாலி என்று! இதோ, இந்த ஆண்டு வந்திருக்கும் பத்துப் பேரைப் பாருங்கள். இடக்கைக்காரர் ஒருவர், அவருக்கு இடக்கைக் கத்தரி வந்தாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர். காதில் கருவி மாட்டியவர் ஒருவர். மீசை மொத்தமே மூன்றுதான்!

இவர்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் இப்போது ஏழு பேர். பயிற்சி மருத்துவர்களின் சார்பில் வந்த அந்த ஏழாமவர்தான் அடுத்துப் பேசப்போகிறார். கடுகு என்று இனி நான் அழைக்க மாட்டேன். டாக்டர் அவர்களே, மேடைக்கு வாருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என் முதுகை முறித்து மூளையைத் திறந்த அந்தப் பழைய மேசைக்கும் நன்றி. இருங்கள், அவர் பேசுவதற்கு முன் இந்த மைக்கை இறக்க வேண்டும். சிஸ்டர், ஓடி வராதீர்கள், என்னைப் பிடிக்க வேண்டாம். இந்த முறை நான் தெரிந்தேதான் குனிகிறேன். வணக்கம்!